ஞாயிற்றுக்கிழமைத் தூக்கம்

மெலிஸ் கடைசியாக ஃபோனில் பேசியது முதல் பனி விழுந்த வாரத்தில். சைபீரியாவில், காட்டிலிருந்து மரக்கட்டை ஏற்றிப்போகும் லாரி ஓட்டிக்கொண்டிருந்தான். "மாட்டுக்கு வைக்கோல் போதுமா? போதலேன்னா அண்ணன்கிட்ட கேளு. வெக்கப்படாதே" என்றான்.

"உங்க அண்ணன்கிட்ட போய்க் கேக்கறதுக்கு மாடே பட்டினி கிடந்துக்கும்" என்றாள் அவன் மனைவி கனிஷாய்.

அவன் சிரித்தான். வண்டி கிளம்புது, அப்புறம் பேசறேன் என்று வைத்துவிட்டான். அவ்வளவுதான். அதன்பிறகு அந்த எண்ணைக் கூப்பிட்டபோதெல்லாம் ஒரு ரஷ்யப் பெண்ணின் பதிவுக் குரல்தான் வந்தது. ஃபோன் அணைத்து வைக்கப்பட்டிருக்கிறதாம்.

ஆரம்பத்தில் யாரும் பதறவில்லை. கிர்கிஸ் நாட்டில், நாரின் பக்கத்துக் கிராமங்களில் வீட்டுக்கு ஒருவராவது ரஷ்யாவில் இருப்பார்கள். ஃபோன் தொலைவதும், முதலாளி மாறுவதும், இரண்டு மாதம் சத்தமே இல்லாமல் இருந்துவிட்டுத் திடீரென்று பேசுவதும் அங்கே புதிதில்லை. ஆனால் குளிர் இறுகிக்கொண்டே போனது, மெலிஸ் பேசவில்லை. அவனோடு வேலைபார்த்த பக்கத்து ஊர்க்காரன் ஒருவன் திரும்பி வந்து, "தங்கியிருந்த எடத்துல போலீஸ் வந்து நெறைய பேரை அள்ளிட்டுப் போச்சு. மெலிஸும் அதுல இருந்திருப்பான்" என்றான். பார்த்தாயா என்று கேட்டால், பார்க்கவில்லை. ஜெயிலில் இருக்கிறான் என்றார்கள். பட்டாளத்தில் சேர்த்துச் சண்டைக்கு அனுப்பிவிட்டார்கள் என்றார்கள். அங்கேயே ஒரு ரஷ்யக்காரியோடு குடித்தனம் நடத்துகிறான் என்று பால் வாங்க வந்தவள் வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போனாள். மெலிஸின் அண்ணன் துர்தாலி தலைநகர் பிஷ்கெக் வரை போய் அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கினான். எழுதி வாங்கிக்கொண்டார்கள். பதில் வரவில்லை.

கனிஷாய்க்கு அழுகை வரவில்லை. அதுதான் அவளுக்கே விளங்கவில்லை. மாமியார் கல்பூபூ மகன் பெயரைச் சொல்லிச் சொல்லி அழுதாள், சட்டியைப் போட்டு உடைத்தாள், மசூதி மொல்லாவிடம் ஓதிய தண்ணீர் வாங்கிவந்து வீடெல்லாம் தெளித்தாள். கனிஷாய் விடிந்ததும் எழுந்தாள், சாம்பலை அள்ளினாள், அடுப்பில் கரி போட்டாள், மாட்டைக் கறந்தாள், பள்ளிக்கூடத்துக்குப் போய்த் தரையைத் துடைத்தாள். அவள் வேலை அதுதான், பள்ளிக்கூடத்தைச் சுத்தம் செய்வது. தெருக்குழாயில் நீர் பிடிக்கும்போது வாளி நிரம்பி, அவள் பூட்ஸின் மேல் வழிந்து, அது பனியாக உறையும்வரை அப்படியே நின்றாள். பின்னால் நின்றவள் தோளைத் தட்டியபிறகுதான் நகர்ந்தாள்.

ஆனால் தூக்கம் போய்விட்டது. படுத்தால் கண் மூடும், உள்ளே ஏதோ ஒன்று மூடாது. சுவருக்கு அந்தப் பக்கம் மாமியார் இருமுவது, தொழுவத்தில் மாடு கால் மாற்றுவது, தெருவில் ஒரு வண்டி கியர் மாற்றுவது, எல்லாம் கேட்டுக்கொண்டிருக்கும். எழுந்து அடுப்புக்கும் சன்னலுக்கும் நடப்பாள். அந்தக் காலடிச் சத்தத்தைக் கல்பூபூவும் கேட்டுக்கொண்டு படுத்திருப்பாள் என்பது அவளுக்குத் தெரியும்.

"எல்லாம் உன்னாலதான்" என்று ஒருநாள் கல்பூபூ சொன்னாள். ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே, சத்தம் போடாமல். "இந்த வீட்ல ரெண்டு தெய்வம் வந்தப்பவே பரக்கத்தும் போச்சு, விருத்தியும் போச்சு. புள்ளையும் குடுக்கல, இப்ப புருஷனையும் காணோம். உங்க ஈசா என்னதான்டி பண்றாரு?"

கனிஷாய் தேநீரை ஊற்றிவைத்தாள்.

இயேசுவை அங்கே ஈசா என்றுதான் சொல்வார்கள். கல்யாணமான புதிதில் பிஷ்கெக்கில் ஒரு தையல் கூடத்தில் வேலை பார்த்தபோது, பக்கத்து மிஷினில் உட்கார்ந்திருந்த பெண்ணோடு போய்த்தான் கனிஷாய் முதன்முதலில் ஜெபக்கூட்டத்தில் உட்கார்ந்தாள். அவளுக்குள் பெரிய இடி மின்னல் எதுவும் இறங்கவில்லை. மெதுவாக, ஒரு வீட்டுக்குப் போய்வரப் பழகுவதுபோலப் பழகிவிட்டாள். ஊர் திரும்பியபோது மெலிஸிடம் சொன்னாள். அவன் யோசித்துவிட்டு, "நம்ம ஊர் வழக்கப்படி டீயில உப்புப் போடறத நிறுத்திடுவியா?" என்று கேட்டான். மாட்டேன் என்றாள். "அப்ப யாரை வேணா கும்பிட்டுக்கோ" என்றான். கல்பூபூ ஒரு வருஷம் அவள் கையால் சாப்பிடவில்லை. பிறகு சாப்பிட்டாள், திட்டிக்கொண்டே.

ஊரில் ஈசாவைக் கும்பிடுகிறவர்கள் மொத்தம் ஏழெட்டுப் பேர். டயர் பஞ்சர் ஒட்டும் ஜிர்காலின் கடைக்குப் பின்னால் இருந்த அறையில் ஞாயிற்றுக்கிழமை நடுப்பகலில் கூடுவார்கள். ஜிர்கால் முன்னாள் லாரி டிரைவர். குடித்துச் சீரழிந்து, பிறகு நின்று, பிறகு ஒருவிதமாக இவர்களுக்கெல்லாம் மூத்தவனாக ஆகிப்போனவன். அவன் மனைவி நாஸிகான் தேநீர் போடுவாள். ரஷ்யர்கள் எல்லாரும் ஊரைக் காலிசெய்துகொண்டு போனபோது போகாமல் தங்கிவிட்ட கலீனா என்ற ஓய்வுபெற்ற நர்ஸ் ஒருத்தி வருவாள். கிர்கிஸ் மொழியில் பாதியும் ரஷ்ய மொழியில் பாதியுமாக ஜெபிப்பாள்.

மெலிஸ் காணாமல் போனபிறகு கனிஷாய் அங்கே போனபோது அவளுக்கு ஜெபம் வரவில்லை. பாட வாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. ஒரு ஞாயிறன்று கலீனாவிடம் சொன்னாள்: "எனக்கு உள்ள ஒண்ணுமே இல்லக்கா. மரத்துப் போச்சு. நான் இங்க வந்து உக்காந்திருக்கிறதே பொய் மாதிரி இருக்கு."

"ஊசி போட்ட எடம் மரத்துத்தான் இருக்கும்" என்றாள் கலீனா. "உன்னை யாரு ஜெபிக்கச் சொன்னா? நீ சும்மா உக்காரு. உன் பங்கையும் சேத்து நாங்க சொல்லிக்கறோம்."

அன்றைக்கு அவர்கள் பாடிக்கொண்டிருந்தார்கள். அடுப்பில் கரி நன்றாகப் பற்றியிருந்தது. ரப்பர் வாசனையும், ஈரக் கம்பளிக் கோட்டு வாசனையும், ரொட்டி வாசனையும். மெலிஸ் பெயரைச் சொல்லி ஜிர்கால் ஜெபிக்கத் தொடங்கியதைக் கேட்டாள். அவன் பெயரை வேறொருவர் சுமந்துகொண்டிருக்கிறார், தான் கொஞ்சம் இறக்கி வைக்கலாம் என்று தோன்றியது. அவ்வளவுதான் தோன்றியது. கண் விழித்தபோது அடுப்போரத்து மெத்தையில் ஒருக்களித்துப் படுத்திருந்தாள். யாருடைய கோட்டோ மேலே போர்த்தியிருந்தது. கூட்டம் முடிந்து எல்லாரும் போயிருந்தார்கள். நாஸிகான் கிண்ணங்களைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

கனிஷாய் பதறி எழுந்தாள். "ஐயோ, எழுப்பக் கூடாதா? என்ன நெனச்சிருப்பாங்க!"

"பொறாமைப்பட்டாங்க" என்றான் கதவருகே ஷூ மாட்டிக்கொண்டிருந்த ஜிர்கால். "நான் பேசும்போது அவங்களுக்கும் தூக்கம்தான் வருது. தைரியம் இல்ல."

"கிண்டல் பண்ணாதீங்கண்ணே. புருஷன் எங்கிருக்கான்னு தெரியல, நான் இங்க வந்து தூங்கறேன்."

அவன் ஷூவை விட்டுவிட்டு உட்கார்ந்தான். "ஈசா படகுல போறப்ப புயல் அடிச்ச கதை தெரியுமில்ல? எல்லாரும், காத்தை எப்படி அடக்கினாருன்னுதான் கேப்பாங்க. நான் டிரைவர். எனக்கு அது ஆச்சரியமில்ல. அவரு அதுக்கு முன்னாடி தலையணை போட்டுத் தூங்கிட்டிருந்தாரே, அதுதான் ஆச்சரியம். கணவாய்ல வண்டி வழுக்கும்போது பக்கத்து சீட்ல ஒருத்தனாவது தூங்கி நான் பார்த்ததில்ல. ஓட்டறவன் மேல அவ்வளவு நம்பிக்கை இருந்தாத்தான் அந்தத் தூக்கம் வரும். அது ஒண்ணும் பாவமில்ல, தங்கச்சி. வா, தூங்கு, போ."

அதிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் அதே கதைதான். போவாள், பாட்டு தொடங்கும், தூங்கிவிடுவாள். வாரம் முழுக்கக் கிடைக்காத தூக்கம் அந்த அறையில் கிடைத்தது. அவளுக்கு அதனால் மகிழ்ச்சி வந்ததா என்றால், வரவில்லை. நிம்மதி என்றுகூட அவள் அதற்குப் பெயர் வைத்திருக்க மாட்டாள். ஆனால் திங்கட்கிழமை வாளியைத் தூக்க முடிந்தது. குழாயடியில் நிற்கும்போது ஈசாவிடம் சொல்ல ஒரே ஒரு வாக்கியம் அவளிடம் இருந்தது. 'நீங்க பாத்துக்கோங்க.' அதை மட்டும் சொல்வாள். அதற்கு மேல் சொல்ல அவளிடம் எதுவும் இல்லை.

துர்தாலி காதுக்கு விஷயம் போயிற்று. அவன் அம்மாவிடம் வந்து சொன்னான்: "என் தம்பி உசிரோட இருக்கானா இல்லையான்னு தெரியாம நான் அலையறேன். உன் மருமக ஞாயித்துக்கெழமையானா பஞ்சர் கடையில போய்ப் பாட்டுக் கச்சேரி நடத்துறாளாம். ஊரே சிரிக்குது."

கல்பூபூ தலைக்குமேல் சால்வையைச் சுற்றிக்கொண்டு, அந்த ஞாயிறே புறப்பட்டுப் போனாள். மயிரைப் பிடித்து இழுத்துக்கொண்டு வருகிற முடிவோடுதான் போனாள். அதைப் பின்னாளில் அவளே ஒத்துக்கொண்டாள்.

அங்கே நடந்ததைக் கனிஷாய்க்கு நாஸிகான்தான் பிறகு சொன்னாள். கதவைத் தட்டாமல் திறந்து, குளிர்காற்றோடு உள்ளே வந்து, "எங்க அவ?" என்று கேட்டாளாம் கல்பூபூ. பாட்டு நின்றுபோனது. நாஸிகான் அடுப்போரத்தைக் காட்டினாள்.

"எழுப்பட்டுமாம்மா?"

கல்பூபூ குனிந்து பார்த்தாள். வாய் லேசாகத் திறந்து, ஒரு கை கன்னத்தின் கீழ் மடங்கி, மருமகள் கிடந்தாள்.

"எப்பலேருந்து இப்படி?"

"வந்ததும் தூங்கிடுவா. ஒரு மாசத்துக்கு மேலயே இப்படித்தான்."

"பாட மாட்டாளா?"

"மாட்டா."

"அப்புறம் எதுக்கு வரா?"

"இதுக்குத்தான்" என்றாள் நாஸிகான்.

கல்பூபூ பூட்ஸைக் கழற்றி வாசலில் வைத்துவிட்டு உள்ளே வந்து, மருமகளின் தலைமாட்டில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். "ஏன் நிறுத்திட்டீங்க? நீங்க பாட்டுக்கு நடத்துங்க. சத்தம் நின்னா முழிச்சுக்குவா" என்றாள்.

கனிஷாய் கண்ணைத் திறந்தபோது முதலில் தெரிந்தது மாமியாரின் கம்பளிக் காலுறை. மேலே பார்த்தாள். கல்பூபூ கிண்ணத்தில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தாள். கனிஷாய் எழுந்து தலைத்துணியைச் சரிசெய்துகொண்டாள்.

"கெளம்பலாமா?" என்றாள் கல்பூபூ.

பனி மிதித்து இறுகிய தெருவில், வழுக்காமல் இருக்க ஒருத்தி கையை ஒருத்தி பிடித்துக்கொண்டு நடந்தார்கள். பாதி வழியில் கல்பூபூ, "குறட்டை விடறே" என்றாள்.

"தெரியாது அத்தே."

"மெலிஸும் அப்படித்தான். உங்கிட்டயிருந்து அவனுக்கா, அவன்கிட்டயிருந்து உனக்கா?"

"அவருகிட்டயிருந்துதான் எனக்கு."

"பொய்" என்றாள் கல்பூபூ. அன்றிலிருந்து ஈசாவின் பெயரைச் சொல்லித் திட்டுவதை நிறுத்திவிட்டாள். மற்றதற்கெல்லாம் திட்டினாள்.

குளிரின் கடைசியில் துர்தாலி தன் மனைவியையும் கூட்டிக்கொண்டு வந்து, மெத்தையில் பெரியவர்களுக்கான மேலிடத்தில் உட்கார்ந்து, பேச்சைத் தொடங்கினான். மெலிஸ் இனி வரமாட்டான், அதை ஒத்துக்கொள்ள வேண்டும். வசந்தத்தில் ஒரு குதிரையை அறுத்து, ஊரைக் கூட்டி, அவனுக்கான இறுதிக் காரியத்தை ஓதி முடித்துவிடலாம். வீடு சும்மா கிடக்கக் கூடாது, தன் மூத்தவன் கல்யாணம் முடித்துக்கொண்டு இங்கே வரட்டும். கனிஷாய்க்கு இன்னும் வயசு இருக்கிறது, பிறந்த வீட்டுக்குப் போகட்டும், அவளை யாரும் குறைசொல்லப் போவதில்லை.

கனிஷாய் கேட்டுக்கொண்டே எண்ணெயில் பொரித்த போர்சோக் ரொட்டியைத் தட்டில் கொட்டினாள். வேறு யாரையோ பற்றிப் பேசுவதுபோல இருந்தது. போகச் சொன்னால் போய்விடலாம் என்றுகூட நினைத்தாள். எங்கே போனாலும் துடைக்கத் தரை இருக்கும்.

"உடம்பைப் பாத்தியா?" என்று கேட்டாள் கல்பூபூ.

"எந்த உடம்பை?" என்றான் துர்தாலி.

"என் மகன் உடம்பை. பாக்கல இல்ல? அப்ப எதை வெச்சு ஓதறது? உன் மகனுக்கு வீடு வேணும்னா உன் வீட்ல ஒரு சுவரைத் தள்ளிக் கட்டு."

"அம்மா, நான் என்னத்துக்குச் சொல்றேன்னா..."

"இவ பொண்டாட்டி. இவளே காத்துக்கிட்டிருக்கா. எனக்கு அவசரமில்ல. போர்சோக் ஆறுது, சாப்பிடு."

துர்தாலி கெட்டவன் இல்லை. தட்டைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டான். கண் கலங்கியிருந்தது. தேடித்தேடி அலைந்தவன் அவன்தான், எங்காவது ஒரு முடிவு வேண்டும் என்று தவித்தவனும் அவன்தான் என்பது கனிஷாய்க்குப் புரிந்தது. புரிந்ததே தவிர, அதற்கும் உள்ளே எதுவும் அசையவில்லை.

செய்தி வந்தது வசந்தத்தில், இங்கே ஆப்பிள் மரங்கள் பூத்தபிறகு. அங்கே அப்போதுதான் ஆற்றில் பனி உடைந்திருக்கிறது. குளிர்காலத்தில் உறைந்த ஆற்றின் மேலேயே லாரி ஓட்டுவார்களாம். சீசன் தொடங்கும்போது, பனி இன்னும் முழுசாகத் தடிக்காத ஓரிடத்தில் மெலிஸின் வண்டி உள்ளே போய்விட்டது. முதலாளி வெளியே சொல்லவில்லை. உடைந்த இடம் ஓரிரு நாளில் மூடிக்கொண்டுவிட்டது. பனி உருகிய பிறகுதான் வண்டியையும் உள்ளிருந்த அவனையும் கண்டெடுத்தார்கள். கடைசியாகப் பேசிய அன்றைக்கோ, மறுநாளோதான் அது நடந்திருக்க வேண்டும்.

பள்ளிக்கூடத்துக்கு வந்து சொன்னவன் துர்தாலி. வராந்தாவில் நின்று, தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னான். கனிஷாய் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவைத்தாள். வாளியில் இருந்த தண்ணீரை வெளியே கொண்டுபோய்க் கொட்டினாள். இத்தனை மாதம் பயந்துகொண்டிருந்த இடம் இதுதான், கால் வைத்தால் உள்ளே போய்விடுவோம் என்று நினைத்த இடம். கால் வைத்தாள். போகவில்லை. கீழே ஏதோ தாங்கியது. அது தன் பலம் இல்லை என்பதுமட்டும் அவளுக்குத் தெளிவாகத் தெரிந்தது, ஏனென்றால் அவளிடம் பலம் என்று எதுவும் இருக்கவில்லை.

"அத்தைக்குச் சொல்லிட்டீங்களா மாமா?"

"இல்ல. எனக்கு வாய் வரல."

"நான் சொல்றேன்" என்றாள்.

உடல் பெட்டியில் வந்தது. அதை வைக்க முற்றத்தில் கம்பளிக் கூடாரம் எழுப்பினார்கள். ஆண்கள் ஓலமிட்டுக்கொண்டே வந்து வெளியே நின்றார்கள். பெண்கள் உள்ளே சுவரைப் பார்த்து உட்கார்ந்து ஒப்பாரி வைத்தார்கள். கனிஷாய் கறுப்புத் துணி கட்டிக்கொண்டு நடுவில் உட்கார்ந்திருந்தாள். அவள் குரல் எழவில்லை. "கல்லு மாதிரி உக்காந்திருக்கா பாரு" என்று ஒருத்தி கிசுகிசுத்தாள். கல்பூபூ ஒப்பாரியை நிறுத்திவிட்டு, திரும்பிப் பார்த்து, "நீ அழறியே, அவ குளிர்காலம் பூரா ராத்திரி தூங்காம எப்படி நடந்தான்னு உனக்குத் தெரியுமா? மூடிக்கிட்டு அழு" என்றாள். பிறகு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள்.

ஜிர்காலும் மற்றவர்களும் வந்தார்கள். ஒரு மூட்டை மாவும் ஓர் ஆடும் கொண்டுவந்தார்கள். கூடாரத்தருகே சில ஆண்கள் முகம் திருப்பிக்கொண்டார்கள். ஜிர்கால் நெஞ்சில் கைவைத்துத் துர்தாலியைப் பார்த்து நின்றான். துர்தாலி கொஞ்சம் தயங்கிவிட்டுப் போய் அவனைக் கட்டிக்கொண்டான். அப்புறம் யாரும் எதுவும் சொல்லவில்லை. கலீனா உள்ளே வந்து கனிஷாயின் பக்கத்தில், அவளுடைய கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு, மாலைவரை உட்கார்ந்திருந்தாள். மெலிஸை அவனுடைய அப்பாவுக்குப் பக்கத்தில், மொல்லா ஓத, ஊர் மண் போட அடக்கம் செய்தார்கள்.

எல்லாரும் போனபிறகு ஒரு மத்தியானம், மாமியாரும் மருமகளும் இரவல் வாங்கிய கிண்ணங்களை வீடு வீடாகத் திருப்பிக் கொடுக்கப் பிரித்து அடுக்கிக்கொண்டிருந்தார்கள்.

"அவன் ஆத்துக்குள்ள கிடந்தப்போ நீ அங்க அடுப்போரம் தூங்கிட்டிருந்தே" என்றாள் கல்பூபூ. குற்றம் சாட்டும் குரல் இல்லை.

"ஆமா அத்தே."

"உங்க ஈசாவுக்கு அது தெரிஞ்சிருக்குமில்ல?"

"தெரிஞ்சிருக்கும்."

"தெரிஞ்சும் உன்னை எழுப்பலையா?"

கனிஷாய் கையிலிருந்த கிண்ணத்தைத் துடைத்துக்கொண்டே யோசித்தாள். இந்தக் கேள்வியை அவளும் கேட்டிருந்தாள், ஜிர்காலிடம் கேட்காமல் குழாயடியில் கேட்டிருந்தாள். "எழுப்பி என்ன சொல்லியிருப்பாரு? சேதி எப்படியும் ஒருநாள் வரப்போகுது. அதுவரைக்கும் தூங்கட்டும்னு விட்டிருப்பாரு."

கல்பூபூ கிண்ணங்களை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினாள்.

"நானும் அதான் விட்டேன்" என்றாள் கடைசியில். "அன்னிக்கு எழுப்பத்தான் வந்தேன். உன் மூஞ்சியப் பாத்துட்டு மனசு வரல."

நாற்பதாம் நாள் முடிந்தபிறகு துர்தாலி வீட்டைப்பற்றி மறுபடி பேசவில்லை. பேசினாலும் பதில் என்னவென்று அவனுக்குத் தெரியும். கல்பூபூ ஐந்து வேளையும் தொழுதாள், மகனுக்காக ஓதினாள், பஞ்சர் கடைக்குள் திரும்பக் கால் வைக்கவில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை கனிஷாய் வேலையை இழுத்துக்கொண்டு நின்றால், "நேரமாச்சு, கெளம்பு" என்று அவளே விரட்டினாள். கனிஷாய் இப்போதெல்லாம் அங்கே தூங்குவதில்லை. வீட்டிலேயே தூக்கம் வந்தது. அங்கே உட்கார்ந்து மற்றவர்கள் பாடுவதைக் கேட்டாள். புதிதாக வந்த ஒரு பெண், கணவன் அடித்து வெளியே தள்ளியவள், பேசாமல் சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். கனிஷாய் அவளுக்கு அடுப்பின் அருகே இடம் விட்டுத் தள்ளி உட்கார்ந்தாள்.

மரத்துப்போனது சுலபத்தில் விலகவில்லை. கோடையில், ஊர் மாடுகளை மேய்ச்சலுக்கு மலையேற்றிய பிறகு, ஒரு காலையில் அவசரமாகக் குடித்த தேநீர் நாக்கைச் சுட்டது. நெடுநாளைக்குப்பின் முதன்முறையாக அது வலித்தது. அவள் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு, வாசற்படியில் உட்கார்ந்து, அழ ஆரம்பித்தாள். கல்பூபூ உள்ளிருந்து எட்டிப் பார்த்தாள். கூப்பிடவில்லை. வெளியே வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.